எண்ணெய் வைத்த தலை

இதைப் படித்து முடித்ததும், "பாவம், அந்தப் பொம்பளைக்குத் தூக்கக் கலக்கம்" என்று சொல்லத் தோன்றும். தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். தங்கபுஷ்பமே முதலில் அப்படித்தான் சொன்னாள். ஆனால் கம்பவுண்டர் முகம்மது கனி கண்ணால் பார்த்த பங்கு ஒன்று இதில் இருக்கிறது. அவர் பொய் சொல்லாத மனுஷன். அதோடு, முந்தின ராத்திரி வீட்டில் நன்றாகத் தூங்கிவிட்டு வந்தவர்.

1958. சித்திரை மாதம். குற்றாலத்தில் குரங்குகள்கூட நிழலை விட்டு வெளியே வராத காலம்.

தங்கபுஷ்பத்தின் புருஷன் பலவேசம் ஆலங்குளத்துக்காரன். லாரி டிரைவர். செங்கோட்டை வழியாக மலை ஏறிப் புனலூருக்குச் சரக்கு கொண்டு போவான், வெட்டு மரம் ஏற்றித் திரும்புவான். மலைக்கு இந்தப் பக்கம் மதுவிலக்கு. அந்தப் பக்கம் ஆரியங்காவில் கள்ளுக்கடை. முதலில் அந்தப் பக்கம் மட்டும்தான் அவனுக்குத் தாகம் எடுத்தது. பிறகு இந்தப் பக்கமும் எடுத்தது. காட்டுச் சாராயம், அது கிடைக்காத நாளில் வார்னிஷ் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் குடித்தான். நல்ல மனுஷன்தான். குடிக்காத நேரத்தில் பிள்ளைகளுக்குத் தலை சீவிவிடுகிறவன். அந்த நேரம்தான் குறைந்துகொண்டே வந்தது.

தானாகவே நிறுத்துகிறேன் என்று இரண்டு தடவை வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தான். முதல் தடவை ஜன்னல் கம்பியை வளைத்துக்கொண்டு வெளியே போனான். இரண்டாம் தடவை வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். தென்காசி டாக்டர் நாறும்பூநாதன் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இவ்வளவு குடிச்ச உடம்பைத் திடீர்னு நிறுத்தினா அது தாங்காதும்மா. பக்கத்துலேயே இருந்து, மருந்து குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். இன்னொரு வலிப்பு வந்தா ஆள் தங்க மாட்டான்."

தங்கபுஷ்பத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆளை உயிரோடும் தெளிந்த கண்ணோடும் வீட்டுக்குக் கூட்டிப் போனால் போதும். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

டாக்டர் இந்த வைத்தியத்தைக் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் வைத்துச் செய்தார். சீசன் இல்லாத மாதங்களில் பங்களாக்கள் சும்மா கிடக்கும், சந்தடி இருக்காது. வாசலில் 'நரம்புத் தளர்ச்சி சிகிச்சை' என்று போர்டு. அரசாங்கக் கணக்கில்தான் குடிகாரனே கிடையாதே, வேறென்ன எழுதுவது!

ஆனால் குற்றாலம் என்றதும் நோயாளியின் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். எப்போது அருவியில் நிறுத்துவீர்கள்? உச்சந்தலையில் அருவி விழுந்தால் பைத்தியமே தெளியும், சாராயச் சூடு எம்மாத்திரம் என்பது நம் ஊர் நம்பிக்கை. மாமியார் அதற்காகவே மிளகும் சீரகமும் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி, மூடிமேல் துணி சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

டாக்டர் பாட்டிலைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இதைப் பையிலேயே வைங்க. நான் சொல்றவரைக்கும் தலைக்குத் தண்ணி கிடையாது. இதயம் ரொம்பப் பலவீனமா இருக்கு. அருவியில நிறுத்தினா அதுவும் அங்கேயே நின்னுரும். ஈரத்துணியால துடைச்சு விடலாம், அவ்வளவுதான்."

"சரிங்க" என்றாள். பாட்டிலைப் பைக்குள் வைத்தாள்.

முதல் நாள் கை நடுங்கியது. அன்று ராத்திரி கட்டிலே நடுங்கியது. கம்பவுண்டர் கனி வந்து துணிப்பட்டையால் அவனைக் கட்டிலோடு கட்டினார். கண்ணாடிச் சிரிஞ்சில் ஒரு மருந்து ஏற்றினார். அந்த மருந்தின் நாற்றம் அவன் மூச்சிலும் வேர்வையிலும் ஏறி, அறை முழுக்க நின்றது. தங்கபுஷ்பம் குடித்த காப்பியிலும் அதே நாற்றம்தான்.

பிறகு அவனுக்கு என்னென்னவோ தெரிய ஆரம்பித்தது. படுக்கை முழுக்கச் செவ்வெறும்பு என்றான். கட்டிலுக்கு அடியில் நாய் என்றான். திடீரென்று சுவரைப் பார்த்து, "ஏலே, ரிவர்ஸ்ல வாரான்! தள்ளிக்கோ, தள்ளிக்கோ!" என்று கத்தினான்.

"இல்லைன்னு சண்டை போடாதீங்க. ஆமான்னும் சொல்லாதீங்க" என்று டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். இல்லையும் சொல்லாமல், ஆமாவும் சொல்லாமல் வேறு என்னதான் சொல்வது? அவளே ஒரு வார்த்தை கண்டுபிடித்துக்கொண்டாள்.

"அதுக்கென்ன, போயிரும்."

எறும்புக்கும் அதுதான். நாய்க்கும் அதுதான். லாரிக்கும் அதுதான். விடிய விடிய அதையே சொன்னாள். இரண்டு ராத்திரி கண் மூடவில்லை. உட்கார்ந்தால் தரை மேலே வருகிற மாதிரி இருந்தது. செத்துவிட்டால்கூடக் கொஞ்சம் படுக்கலாமே என்று தோன்றியதாம். அப்படி ஒரு அசதி.

மூன்றாம் நாள் மத்தியானம். கோயிலில் உச்சிகால மணி அடித்து ஓய்ந்தது. கனி தொழுதுவிட்டுச் சாப்பிட்டு வருவதாகப் பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்குப் போயிருந்தார். டாக்டர் தென்காசியில். பங்களாவில் வேறு நோயாளி இல்லை.

பலவேசம் கத்திக்கொண்டே இருந்தான்.

வாசலில் ஒருவன் நின்றான். இடுப்பில் துண்டு. தலையில் முண்டாசு. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் இருப்பார்கள். வலது கைக் கட்டைவிரல் மட்டும் நன்றாகப் பின்பக்கம் வளைந்திருந்தது.

"எண்ணெய் வச்சாச்சா தாயி?"

"வேண்டாம் அண்ணாச்சி. டாக்டர் குளிக்கப்பிடாதுன்னுட்டாரு."

"குளிக்கத்தான வேண்டாம்னாரு? உச்சியில நாலு சொட்டு வைக்கதுக்கு என்ன? தூங்கிருவாக."

தூக்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் சொல்வதும் சரிதானே? டாக்டர் தண்ணீரைத்தானே வேண்டாம் என்றார். பைக்குள் கையை விட்டுப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

அவன் கட்டிலின் தலைமாட்டில் நின்றான். கத்திக்கொண்டிருந்த பலவேசத்தின் உச்சியில் உள்ளங்கையை வைத்தான். தட்டினான். தப், தப், தப்... மெதுவாக. கத்தல் முனகலானது. முனகல் மூச்சானது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவன் தூங்கினான். அந்த மருந்து நாற்றம்கூட அறையில் இல்லை. "நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னாளா என்று நினைவில்லை. சுவரில் சாய்ந்தபடி அவளும் தூங்கிப்போனாள்.

கனியின் செருப்புச் சத்தம் கேட்டு விழித்தாள். அந்த ஆள் இல்லை. தலைமாட்டில் தரை ஈரமாக இருந்தது. தண்ணீர்ச் செம்பு ஏதும் கவிழ்ந்திருக்கவில்லை.

புருஷன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். எண்ணெய் வழிந்தது. சில்லென்று இருந்தது. முகர்ந்தாள். மிளகு வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை. கனி பார்த்தால் திட்டுவார் என்று அவசரமாக ஒரு துண்டை எடுத்து அவன் தலையில் சுற்றினாள். பாட்டிலைப் பைக்குள் வைக்க எடுத்தாள்.

மூடிமேல் துணி அப்படியே இருந்தது. மாமியார் கட்டிய நூல் அவிழ்க்கப்படவே இல்லை.

'அவனே அவிழ்த்துத் திரும்பவும் கட்டியிருப்பான்' என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

சாயங்காலம் பலவேசம் கண்ணைத் திறந்தான். கொஞ்சம் தெளிவாக இருந்தான்.

"மத்தியானம் யாருட்டட்டி பேசிக்கிட்டிருந்தே?"

"எண்ணெய் தேய்க்க வந்தவர்ட்ட."

"எங்கன வந்தான்?"

"இங்கனதான். உங்க தலைமாட்டுலதான நின்னாரு."

அவன் அவளையே பார்த்தான். எறும்பும் நாயும் லாரியும் தெரிந்த அவனுக்கு அந்த ஆள் மட்டும் தெரியவில்லை. அவன் முகத்தில் இரக்கம் வந்தது.

"ஏட்டி... உனக்கும் தெரிய ஆரம்பிச்சிட்டா?" அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பயப்படாத. அதுக்கென்ன, போயிரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது அவள் கண் வாசலுக்குப் போனது.

அன்று ராத்திரியும் தூக்கம் இல்லை. எறும்புகள் திரும்பி வந்துவிட்டன. விடிந்ததும் டாக்டர் வந்து நாடி பார்த்தார். "இன்னைக்கு ஒரு நாள். இதைத் தாண்டிட்டா பிழைச்சான். கண்ணை எடுக்காதீங்க" என்றார். எண்ணெய் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. திட்டு வாங்கக்கூட உடம்பில் தெம்பு வேண்டுமே!

மத்தியானம் ஆனது. மணி அடித்து ஓய்ந்தது. கனி துணிப்பட்டையை இறுக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். கேட் கதவு கிறீச்சிட்டது.

பலவேசம் சத்தமே இல்லாமல் கிடந்தான்.

மருந்து நாற்றம் போய்விட்டிருந்தது. அதை உணர்ந்ததும் அவள் வாசலைப் பார்த்தாள்.

நின்றான்.

"எண்ணெய் வச்ச தலை தாயி. குளிக்காம கிடக்கப்பிடாது."

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்க போங்க."

"அருவி நல்லா விழுது. கூட்டமே இல்ல. கேக்கலியா?"

கேட்டது.

முதலில் காற்று மாதிரி. பிறகு கனமாக... ஓவென்று... ஆடி மாதத்தில் விழுகிற மாதிரி. ஜன்னல் வழியாகச் சாரல் வந்து அவள் முகத்தில் பட்டது. எத்தனை நாளாகிவிட்டது, முகத்தில் ஈரம் பட்டு! அவளுக்கு அப்படியே கண் சொக்கியது.

"நீங்க படுங்க தாயி. நான் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன். ஒரே முழுக்கு. எல்லாம் தீந்துரும்."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு அது தெரியும். டாக்டர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நினைவில் இருந்தது.

ஆனால் அசதி...

"சரி" என்றாள்.

அது அவள் வாயிலிருந்துதான் வந்தது. இத்தனைக்கும் பிறகு அதை மட்டும் அவள் யார்மீதும் போடவில்லை.

கண் விழித்தபோது அறை கொதித்தது. கட்டில் காலி.

துணிப்பட்டைகள் கட்டியபடியே இருந்தன. ஆள் மட்டும் இல்லை.

"யம்மா..." என்று அலறிக்கொண்டு ஓடினாள். கேட் வாசலில் கனி எதிரே வந்தார்.

"என்ன தங்கச்சி?"

"அவுகளைக் காணும்! அருவிக்கு... கூட்டிட்டுப் போயிட்டான்!"

"யாரு?"

பதில் சொல்ல நேரமில்லை. இருவரும் ஓடினார்கள். தார் ரோடு இளகிக் கிடந்தது. அதன்மேல் ஈரக் கால்தடங்கள். அந்த வெயிலில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டினால்கூட நொடியில் காய்ந்துவிடும். இந்தத் தடங்கள் காயவில்லை. அவற்றின் பின்னாலேயே, இளகிய தாரில் அழுந்திய பலவேசத்தின் பாதங்கள்.

கனியும் அதைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ ஓத ஆரம்பித்தார்.

அருவிச் சத்தம் அவளுக்குக் காதை அடைத்தது.

படி ஏறினார்கள்.

பாறை.

வெறும் பாறை.

ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பங்குனியிலேயே அருவி வற்றிவிட்டிருந்தது.

பாறையோடு ஒட்டி நின்றான் பலவேசம். அருவிக்கு அடியில் நிற்கிறவர்கள் நிற்பதுபோலத் தோளைக் குறுக்கிக் குனிந்து நின்றான்.

உச்சி முதல் பாதம் வரை நனைந்திருந்தான்.

வேட்டியிலிருந்து தண்ணீர் ஓடியது.

வாயைத் திறந்து திறந்து மூடினான். மூச்சு வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. வெட்டவெளியில் நின்றுகொண்டு அந்த மனுஷன் தண்ணீரில் மூச்சு முட்டுகிற மாதிரி முட்டிக்கொண்டிருந்தான்.

கனி அவனைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. பிடிமானத்துக்குப் பாறையில் கையை வைத்தார். சுட்டது.

அவள் மட்டும் அந்த ஆளைப் பார்த்தாள். பலவேசத்தின் பின்னால் நின்றான். வளைந்த கட்டைவிரலால் உச்சியில் அழுத்திக்கொண்டு...

"எண்ணெய் போகலியே தாயி" என்றான். வருத்தமாகத்தான் சொன்னான்.

அப்போதுதான் அவளுக்கு டாக்டர் சொன்னது உறைத்தது. ஈரத்துணியால் துடைக்கலாம்.

முந்தானையை உருவினாள். பலவேசத்தின் வேட்டியில் வழிந்த தண்ணீரிலேயே நனைத்தாள். புருஷன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு துடைத்தாள். அழுந்தத் துடைத்தாள். எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. அவளும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "போயிரும்... போயிரும்..." என்று அழுதபடி துடைத்தாள்.

பலவேசம் ஒரு பெரிய மூச்சு இழுத்தான். அப்படியே கனியின் தோளில் சாய்ந்தான். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்த கனி, "இருக்கு தங்கச்சி, இருக்கு" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். கை பிசுபிசுவென்று இருந்தது. பிள்ளைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, கையில் மிஞ்சியதை நாம் என்ன செய்வோம்? எந்தத் தாயும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும்.

இரண்டு கையையும் தன் தலையில் தடவிக்கொண்டாள்.

சில்லென்றது.

அந்த ஆள் பலவேசத்தை விட்டு நிமிர்ந்தான். அவள் தலையைப் பார்த்தான்.

"அவசரமில்ல தாயி. மெதுவா வாங்க."

அருவிச் சத்தம் சட்டென்று நின்றது. குரங்கு ஒன்று எங்கோ கத்தியது. கனியும் அவளும் பலவேசத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

அவன் பிழைத்துக்கொண்டான். மறுநாள் எறும்பும் இல்லை, நாயும் இல்லை. இட்லி கேட்டான். டாக்டர், ஜன்னி வேகத்தில் பட்டையை உருவிக்கொண்டு ஓடியிருப்பான், வேர்வையில் நனைந்திருப்பான் என்றார். படித்தவர், அவருக்கு ஒரு காரணம் வேண்டும். ஊருக்குக் கிளம்புகிற அன்று கனி தங்கபுஷ்பத்தைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"அந்த ஆளுக்கு வலது கட்டைவிரல் பின்னால வளைஞ்சிருந்துச்சா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"பிச்சைமணி" என்றார்.

முந்தின வருஷம் இதே பங்களாவில், இதே கட்டிலில் ஒரு நோயாளி. அப்போது அருவியில் தண்ணீர் இருந்தது. கனி சாப்பிடப் போன நேரத்தில் சொந்தக்காரர்கள் பிச்சைமணியைப் பேசி வைத்து, எண்ணெய் தேய்க்கச் சொல்லி, ஆளை அருவிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். தண்ணீர் தலையில் விழுந்ததும் அவன் பிச்சைமணியின் கையிலேயே சரிந்து செத்துப் போனான். பிச்சைமணியை அடித்து விரட்டினார்கள். அவனுக்கு அடிகூடப் பெரிதாகத் தெரியவில்லையாம். "எண்ணெய் வச்ச தலை. பாதியில விட்டுட்டேனே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தானாம். ஒரு மத்தியானம் தனியாகப் போய் அருவிக்கு அடியில் நின்றான். தானாக வெளியே வரவில்லை. நாலு பேர் போய்த்தான் தூக்கி வந்தார்கள்.

"அவனைக் குளிப்பாட்டுனப்ப நானும் நின்னேன்" என்றார் கனி. "கையில எண்ணெய். எத்தனை தண்ணி ஊத்தியும் போகல."

தங்கபுஷ்பம் ஊருக்கு வந்து சீயக்காய் போட்டுத் தலை முழுகினாள். பயத்தமாவு போட்டு முழுகினாள். குளத்திலும் கிணற்றிலும் முழுகிப் பார்த்தாள். குற்றாலத்தில் மட்டும் முழுகவில்லை. அந்தப் பக்கம் பஸ்ஸில்கூடப் போவதில்லை. உச்சியில் ஓர் இடம் மட்டும் இன்றைக்கும் பிசுக்காகத்தான் இருக்கிறது.

சித்திரை வந்துவிட்டால் பலவேசம் மத்தியானம் லாரி எடுப்பதில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஆலங்குளத்துக் காய்ந்த வெயிலில் அவள் காதைப் பொத்திக்கொண்டு, "அருவி விழுது, கேக்கா?" என்பாள். அவன் இல்லையென்றும் சொல்ல மாட்டான், ஆமாமென்றும் சொல்ல மாட்டான். அவள் கையைப் பிடித்துக்கொள்வான்.

"அதுக்கென்னட்டி, போயிரும்."

போன சித்திரையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது பலவேசம் தெருமுனை வரை வந்தான். சுற்றும் முற்றும் பார்த்தான்.

"அண்ணாச்சி, இப்பல்லாம் மத்தியானம் நம்ம வாசல்ல ஈரக் கால்தடம் கிடக்கு. அவளுக்குத்தான் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்கும் தெரியுது. ஒவ்வொரு நாளும் ஒரு அடி கூட உள்ள வந்திருக்கு."

நான் என்னை அறியாமல் அவன் மூச்சை முகர்ந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்.

"அந்தக் கட்டில்ல இருந்து எந்திரிச்ச நாளுல இருந்து நான் ஒரு சொட்டுத் தொட்டதில்ல, அண்ணாச்சி."